தீக்குச்சி படிக்கப் போனவர்கள்

1888ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி, போன சூட்டோடு வெள்ளைக்காரத் துரையாகிவிடத் தீர்மானித்தார். பட்டுத்தொப்பி வாங்கினார். டை கட்டிக்கொள்ளத் தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்றார். நடன வகுப்புக்கு மூன்று பவுன் கட்டினார். பியானோ ஒரு பக்கம் போனது, அவர் கால் இன்னொரு பக்கம் போனது. ஒத்துழையாமை என்றால் என்ன என்பதை அவர் முதலில் தெரிந்துகொண்டது சொந்தக் கால்களிடமிருந்துதான் என்று வைத்துக்கொள்ளலாம். சரி, காதையாவது பழக்குவோம் என்று இன்னொரு மூன்று பவுனுக்கு வயலின் வாங்கினார். மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்து வயலினை விற்கச் சொல்லிவிட்டார். இவ்வளவும் அவரே சுயசரிதையில் எழுதியது. என் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

வெளிநாடு போய்ப் படிக்கிற பையன்கள் எல்லாரையும் இந்தக் காய்ச்சல் ஒருமுறை உலுக்கிவிடும். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆயுசு முழுக்க. விருதுநகர் வட்டாரத்துக்காரர்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி வரும். அந்நியனுடைய பாட்டு, நடனம், கவிதை எதிலும் மனசு போகாது. அவன் சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறான், அது என்ன விலை, நாம் செய்தால் என்ன அடக்கம் என்பதில்தான் கண். துரைமார் குடித்த கலர் தண்ணியைப் பார்த்து விருதுநகர்க்காரர் மயங்கினார். மயங்கி, 1916ல் பழனியப்ப நாடார் காளிமார்க் தொடங்கினார். துரைகள் போய்விட்டார்கள், காளிமார்க் இருக்கிறது. அதே ஊர்க்காரரான காமராஜர் 1966ல் ரஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போனபோது அங்கேயும் வேட்டியை விடவில்லை. உடையை மாற்றிக்கொள்ளாமல் காதலிக்கத் தெரிந்த ஊர் அது.

இந்த வகைக் காதலில் தலையானது சிவகாசியில் நடந்தது. காதலித்தவர்கள் இரண்டு பேர், ஒன்றுவிட்ட சகோதரர்கள்: பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார். வருஷம் 1922. அவர்கள் படிக்கப் போன அயல்நாடு, கல்கத்தா.

கல்கத்தா எப்படி அயல்நாடாகும் என்று கேட்பவர்கள் 1922ஆம் வருஷத்துச் சிவகாசியில் நின்று கேட்க வேண்டும். கொழும்பு அப்போது பக்கத்து வீடு. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல். ரங்கூனிலும் பினாங்கிலும் அத்தை வீடு, மாமா வீடு எல்லாம் இருந்தது. கல்கத்தாவில் யார் இருந்தார்கள்? பாஷை தெரியாது. சோற்றில் கடுகெண்ணெய், குழம்பில் மீன் தலை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு இனிப்பு. சாத்தூர்க் காராச்சேவில் வளர்ந்த நாக்குக்கு ரசகுல்லா ஒரு கலாச்சார அதிர்ச்சி. அசல் வெளிநாடு அதுதான்.

போய்ச் சேருவதும் லேசில்லை. சிவகாசிக்கு ரயில் வந்ததே 1927ல்தான். அதனால் வண்டி கட்டிக்கொண்டு விருதுபட்டிக்குப் போயிருக்க வேண்டும் (அந்த ஊர் அடுத்த வருஷம்தான் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது). அங்கே ரயிலேறி மதுரை, திருச்சி, எழும்பூர். பிறகு மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்கு நடை. அங்கிருந்து அகலப்பாதை வண்டியில் ஆந்திரத்தையும் ஒரிசாவையும் கடந்து ஹௌரா. இறங்கினால் ஊருக்குள் போக இன்று நாம் பார்க்கிற இரும்புப் பாலம் கிடையாது, அது 1943ல் வந்தது. அன்றைக்கு ஹூக்ளியில் மிதவைப் பாலம். கப்பல் வந்தால் பாலத்தைப் பிரித்து வழிவிடுவார்கள். கப்பல் போகிறவரை கரையில் நிற்க வேண்டியதுதான்.

நம் சினிமாக்காரர்கள் இதை எடுத்திருந்தால் இந்த இடத்தில் ஒரு வங்காளப் பெண் குடத்தோடு படியிறங்கி வந்திருப்பாள். சிவப்புக் கரை வைத்த வெள்ளைப் புடவை, பெரிய பொட்டு, பின்னணியில் புல்லாங்குழல். அண்ணனுக்கும் தம்பிக்கும் அவளால் சண்டை. இடைவேளை. அந்த ஊரில் அப்போது மயங்குவதற்குப் பஞ்சமே இல்லை. தாகூர் நோபல் வாங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஐ.சி.எஸ்ஸை உதறிவிட்டு இங்கிலாந்திலிருந்து திரும்பிய சுபாஷ் சந்திர போஸ் தெருவில் இறங்கியிருந்தார். நாடகக் கொட்டகை, புத்தகக் கடை, டிராம் வண்டி, நாள் முழுக்க அரசியல் பேசும் திண்ணைகள். நம்மவர்கள் இரண்டு பேரும் இதையெல்லாம் விட்டுவிட்டு, கந்தக வாடை அடிக்கிற ஒரு கொட்டகையைத் தேடிப் போனார்கள்.

அங்கே இருந்தவர் பூர்ண சந்திர ராய் என்கிற உள்ளூர் வியாபாரி. பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கிய விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரபுல்ல ராய்க்குச் சிலை இருக்கிறது. பூர்ண ராய்க்குச் சிவகாசி இருக்கிறது.

பூர்ண ராய்க்கு இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் கதை சுவாரஸ்யமாகும். பெட்டியில் உரசினால் மட்டும் எரிகிற பத்திரமான தீக்குச்சி ஸ்வீடன்காரர்கள் கண்டது. குச்சியின் தலையில் பாதி மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் மீதி மருந்து. இரண்டும் சந்தித்தால்தான் தீ. 1844ல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்கிறவர் காப்புரிமை வாங்கினார். யோன்ஷோபிங் ஊர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதில் காசு பார்த்தார்கள். பிறகு ஜப்பானில் மெய்ஜி ஆட்சி பையன்களைப் பொறுக்கி ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பியபோது, பிரான்சுக்குப் போனவர்களில் ஒருவர் ஷிமிசு மகோடோ. பாரிஸ் மாதிரி ஊருக்குப் போன வாலிபன் ஊர் திரும்பி என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? 1875ல் டோக்கியோவில் தீப்பெட்டி செய்ய உட்கார்ந்தார். எனக்கு அவரை நினைத்தால் சாத்தூர்ப் பக்கத்து ஆளோ என்று சந்தேகம் வருகிறது.

கொஞ்ச காலத்தில் ஜப்பான் குச்சி ஆசியா முழுக்க எரிந்தது. 1910 வாக்கில் சில ஜப்பானியக் குடும்பங்கள் கல்கத்தாவுக்குக் குடிவந்து, கையாலும் சின்ன இயந்திரங்களாலும் தீப்பெட்டி செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? எட்டிப் பார்த்தான், கற்றுக்கொண்டான். முதல் உலகப் போரில் ஸ்வீடன் சரக்கு வருவது நின்றதும் வங்காளிகளின் குட்டித் தொழிற்சாலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போட்டிக்கு ஜப்பான் சரக்கு கப்பல் கப்பலாக வந்ததும் அந்த மூச்சும் நின்று, ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. ஆக, பாரிஸில் படித்த ஜப்பான்காரனின் பாடம் கல்கத்தா வழியாக இந்த இரண்டு பேர் கைக்கு வரும்போது கல்லூரியே இழுத்து மூடப்படுகிற நிலைமை. மூழ்குகிற கப்பலில் மாலுமிப் பயிற்சிக்குச் சேர்ந்த மாதிரி.

ஆனால் கணக்குத் தெரிந்த பிள்ளைகள். 1922ல்தான் அரசாங்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கம் போட்டது. குரோசு என்றால் 144 பெட்டி. அந்தச் சுங்கத்தின் நிழலில் உள்ளூர்ச் சரக்கு பிழைக்கும் என்பது வியாபாரிக்குப் புரியும். கல்கத்தாவுக்கு இல்லாத ஒரு சொத்து சிவகாசிக்கு இருந்ததும் அவர்களுக்குத் தெரியும்: மழை வராது. வங்காளத்தின் ஈரக்காற்றில் குச்சி காய்வதற்குள் முதலாளி காய்ந்துவிடுவார். சிவகாசியிலோ மருந்து முக்கிய குச்சி வெயிலில் சடசடவென்று காயும். கரிசல் சம்சாரி வானத்தைப் பார்த்துத் திட்டின அதே வெயிலுக்கு இவர்கள் கும்பிடு போட்டார்கள்.

1923ல் திரும்பி வந்தார்கள். பட்டுத்தொப்பி இல்லை, வயலின் இல்லை, வங்காள மருமகள் இல்லை. ஊர் சனத்துக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொழில் தொடங்கினார்கள். ஆனால் சிவகாசி கடைசியில் நிலைகொண்டது இயந்திரத்தில் இல்லை, கையில். சட்டத்தில் குச்சி அடுக்குவது, மெழுகில் தோய்ப்பது, மருந்தில் முக்குவது, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் கை. ஜெர்மன் இரும்பைவிடக் கரிசல்காட்டுக் கை மலிவு. இந்த உண்மையை அவர்கள் கல்கத்தாவில் படிக்கவில்லை; சொந்த ஊரில் படித்தார்கள். அதற்குக் கட்டிய கட்டணம் யாருடையது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

1926ல் சகோதரர்கள் சண்டை சச்சரவில்லாமல் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். அய்ய நாடாருக்கு அணில், சண்முக நாடாருக்குக் காக்கா. மார்க்குக்குப் பெயர் வைப்பதில்தான் அவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. வெளிநாட்டான் நட்சத்திரம் போடுவான், கப்பல் போடுவான், சிங்கத்தை நிற்க வைப்பான். நம்மவர்கள் கூரை மேல் இருந்ததை எடுத்துப் பெட்டி மேல் ஒட்டினார்கள். கடல் தாண்டிய பூமிக்குப் பாலம் போட மண் சுமந்த பிராணி அணில். அது கல்கத்தா ரிட்டர்னுக்குப் பொருத்தம்தான். காக்காய்க்கு இருக்கிற பொருத்தத்தை நான் சொல்லவா வேண்டும்? எங்கிருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

இந்தச் சமயத்தில் வாத்தியாருக்கு வாத்தியாரே நேரில் வந்துவிட்டார். சுங்கம் அதிகமானால் என்ன, உள்ளே வந்தே செய்வோம் என்று ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனி 1923ல் பம்பாயில் விம்கோவை நிறுவியது. அதன் தலைவர் இவார் குரூகர், உலகமே தீக்குச்சி மன்னர் என்று கூப்பிட்ட ஆள். பணமுடையில் இருக்கிற அரசாங்கங்களுக்குக் கோடி கோடியாகக் கடன் கொடுப்பார். வட்டியோடு கூட, உங்கள் நாட்டில் தீப்பெட்டி விற்கிற உரிமை எனக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார். ஒருபக்கம் இப்படிப்பட்ட மனிதர். மறுபக்கம் காக்காயும் அணிலும். பந்தயம் கட்டச் சொன்னால் யாரும் காக்காய் மேல் கட்டியிருக்க மாட்டார்கள். 1932 மார்ச்சில் குரூகர் பாரிஸில் துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடந்தார், தற்கொலை என்றார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பாதி சொத்து காகிதத்தில் மட்டும் இருந்தது. விம்கோ அதற்குப் பிறகும் பல்லாண்டு நன்றாகவே நடந்து கடைசியில் ஐ.டி.சி. கைக்குப் போனது. காக்காய் எங்கேயும் பறக்கவில்லை.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சுக்கு மறுபடியும் ஜெர்மன் இயந்திரம். இப்படித்தான் ஊர் முழுக்க லித்தோ அச்சகங்கள் முளைத்தன, தமிழ்நாட்டுச் சுவர்களில் சிவகாசி காலண்டர் தொங்கத் தொடங்கியது. அந்நிய கலாச்சாரத்தின் மேல் சிவகாசிக்கு உண்மையிலேயே ஆசை இருந்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் பட்டாசுப் பெட்டி மேலுள்ள படங்களைப் பார்க்க வேண்டும். தொப்பி வைத்த வெள்ளைக்காரக் குழந்தை, பனி மூடிய மலை, காரணமே இல்லாமல் சிரிக்கிற பொன்னிறக் கூந்தல் பெண். உள்ளே இருப்பது சங்குசக்கரம். வயலின் வாசிக்காமலும் காதலை வெளிப்படுத்தலாம்.

பட்டாசும் அயல்நாட்டுச் சரக்குத்தான். கருமருந்து சீனாக்காரன் சொத்து. இரண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டு வாணம் வருவது நின்றது. 1940ல் வெடிமருந்து விதிகள் வந்து உரிமம் வாங்கித் தொழில் நடத்தலாம் என்று ஆனது. பொட்டாசியம் குளோரேட்டோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய ஊருக்கு வெடியுப்பு என்ன, கந்தகம் என்ன? எட்டாம் கிளாஸ் தாண்டாத அக்காமார் பேரியம் என்றால் பச்சை, ஸ்ட்ரான்சியம் என்றால் சிவப்பு என்று சொல்லும் ஊராக அது மாறிவிட்டது. இன்றைக்கு இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தினுடையது என்பார்கள்.

ஊரின் சுறுசுறுப்பைப் பார்த்து நேரு "குட்டி ஜப்பான்" என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் ஏகப் பெருமை. பெரிய ஜப்பான் தலையில் 1945ல் விழுந்த சாமானின் பெயரை வைத்து குட்டி ஜப்பான் ஒரு வெடி செய்து தீபாவளிக்குத் தீபாவளி விற்கிறது. பெயர் அணுகுண்டு, பச்சைச் சணல் சுற்றியிருக்கும். குருவின் நாட்டுக்கு இதைவிட முரட்டுத்தனமான ஒரு குருதட்சிணையை எந்தச் சிஷ்யனும் கொடுத்ததில்லை. ஷிமிசு மகோடோ உயிரோடு இருந்திருந்தால் பாரிஸில் ஓவியம் படித்திருக்கலாமே என்று நினைத்திருப்பார்.

கட்டணத்துக்கு வருகிறேன் என்றேன். சிவகாசி வட்டாரத்தில் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். ஆபீசுக்குப் போகிறேன் என்று தூக்குச்சட்டியோடு கிளம்பியவர்களில் வெகுகாலம் பாதி உயரத்தில் இருந்தவர்களும் உண்டு. அதிகாலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்கப் பிஞ்சு விரல்தான் வாகு என்று பெரியவர்கள் நியாயம் பேசினார்கள். பெரியவர்கள் எப்போதும் நியாயம்தான் பேசுவார்கள். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பஸ் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. கல்கத்தா போய்ப் படித்தவர் பேரில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963லேயே சிவகாசியில் வந்துவிட்டிருந்தது. அதன் வாசலுக்கும் குச்சி அடுக்கிய பிள்ளைக்கும் நடுவே இருந்த தூரம் கல்கத்தா தூரத்தைவிட அதிகம்.

வெடிக்கிற சாமானை வைத்துக்கொண்டு தமாஷ் எழுதுகிறவனுக்கு ஓரிடத்தில் வாய் அடைக்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் ஒரு வெடி ஆபீஸ் வெடித்தது. நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அதில் வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிவந்த ஊர்க்காரர்களே அதிகம். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதி இருக்கிறது. உராய்வு, வெயில், இலக்கத்துக்கு மேல் ஆள், ஷெட்டுக்கு வெளியே மரத்தடியில் வேலை, உரிமத்தை உள்குத்தகைக்கு விட்ட முதலாளி: காரணங்களும் அதே காரணங்கள்தான். ஸ்வீடன்காரன் தீக்குச்சிக்குப் பாதுகாப்பைக் கண்டுபிடித்தான். அந்த ஒரு பாடத்தை மட்டும் கல்கத்தாவிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை போலிருக்கிறது.

இப்போது மறுபடி காட்சி மாறிவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டது. பச்சை நிறம் கொடுத்த பேரியத்தைத் தடை செய்துவிட்டுப் பசுமைப் பட்டாசு செய்யச் சொன்னால் அக்காமாருக்குக் குழப்பம் வராதா? கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்த்து வாணம் செய்வதற்கு 1992லிருந்தே இங்கே தடை. அதே குளோரேட் போட்ட சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்து மலிவு விலையில் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. கருமருந்தைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எழுபது எண்பது வருஷம் கழித்துப் பழைய மாணவன் கடைக்கு எதிரிலேயே கடை போட்டுவிட்டார்.

தீப்பெட்டிக்கு இன்னும் மோசம். பதினான்கு வருஷமாக ஒரு ரூபாயில் நின்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது, அதற்குள் சீனாவிலிருந்து லைட்டர் வந்துவிட்டது. ஒரு லைட்டர் இருபது பெட்டி தீக்குச்சிக்குச் சமம் என்று கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் சேர்ந்து டெல்லிக்கு மனு மேல் மனுவாகப் போட்டன. 1922ல் ஜப்பான், ஸ்வீடன் குச்சிகளுக்குச் சுங்கம் வந்தபோது கல்கத்தா ராய்மார் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்களோ, அப்படிச் சந்தோஷப்படும்படி 2023 ஜூனில் மத்திய அரசு 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியைத் தடை செய்தது. சங்கத்துக்காரர்கள் நன்றி சொல்லி அறிக்கை விட்டார்கள். அடுத்து லைட்டரின் உதிரிபாகங்களை இறக்கி இங்கேயே பூட்டி விற்கிறார்கள் என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு மனு போனது. யாரோ ஒருவன் எங்கேயோ போய்ப் பூட்டக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்.